முதலீட்டுக்கான வரிச் சலுகையைக் கேட்கும் கடைசித் தேதி தவறிவிட்டதா?

பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டைத் திறந்ததும், வழக்கமாகக் கைக்கு வரும் தொகையில் பெரும் பகுதி குறைந்து, வருமான வரிப் பிடித்தம் என்ற வரிசையில் அதுவரை பார்த்திராத அளவுக்குப் பெரிய எண் இருந்தால், நீங்கள் முதலீட்டு ஆதாரங்களை அலுவலகம் கேட்ட தேதிக்குள் கொடுக்கவில்லை என்று பொருள். இந்த நிலையில் பலர் செய்யும் முதல் தவறு, "சரி, இந்த வருஷம் போய்விட்டது" என்று கையை விரித்துவிடுவது. பணம் எங்கும் போய்விடவில்லை. அதைத் திரும்பப் பெறும் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த வழிக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, அதைத் தவறவிட்டால்தான் உண்மையிலேயே போய்விடும். ஆகவே எந்தத் தேதியைத் தவறவிட்டோம் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

முதலீடு சார்ந்த வரிச் சலுகையில் நான்கு தேதிகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. அலுவலகம் ஆதாரம் கேட்கும் தேதி ஒன்று. அது பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும். முதலீட்டையே செய்து முடிக்க வேண்டிய மார்ச் 31 இரண்டாவது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய தேதி மூன்றாவது. தணிக்கை தேவைப்படாத சம்பளக்காரர்களுக்கு அது வழக்கமாக ஜூலை 31. தாமதக் கணக்கையும் திருத்திய கணக்கையும் தாக்கல் செய்வதற்கான எல்லை நான்காவது. 2024-25 நிதியாண்டுக்கு அது 2025 டிசம்பர் 31 ஆக இருந்தது. இவற்றில் முதல் தேதி நிர்வாக வசதிக்காக நிறுவனம் வைத்துக்கொண்டது, மற்ற மூன்றும் சட்டம் வைத்தவை. சட்டத் தேதிகளை அரசு சில ஆண்டுகளில் நீட்டிக்கவும் செய்யும். 2024-25 நிதியாண்டுக்கான ஜூலை 31, கடைசியில் 2025 செப்டம்பர் 16 வரை போனது. அந்த நீட்டிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பது மட்டும் வேண்டாம்.

இங்கே சொல்லும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படியானவை. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025 ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்துகிறது. அதில், சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் கழிவு தரும் நாம் பழகிய 80சி, 123 ஆம் பிரிவாகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குகள் பழைய சட்டப்படியேதான் முடியும்.

அலுவலகத் தேதி மட்டும் தவறியிருந்தால்

நிறுவனம் 12பிபி என்ற படிவத்தில் உங்களிடம் வாங்கும் விவரமும் அதோடு இணைக்கச் சொல்லும் ரசீதுகளும், சம்பளத்தில் எவ்வளவு வரியை முன்கூட்டியே (டிடிஎஸ்) பிடிக்க வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்வதற்காக மட்டுமே. உங்கள் இறுதி வரியை அது தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது நீங்கள் தாக்கல் செய்யும் கணக்கு. நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-இல் 80சி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தாலும், முதலீடு மார்ச் 31-க்குள் நடந்திருந்து உங்களிடம் ரசீதும் இருந்தால், கணக்கில் நேரடியாகக் கேட்டு, மிகுதியாகப் பிடித்த வரியை ரீஃபண்டாகப் பெறலாம். வாடகைப்படிக்கான விலக்குக்கும் இதுவே வழி.

எண்களில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2024-25 நிதியாண்டில் 10,00,000 ரூபாய் சம்பளம் வாங்கிய, பி.எஃப். பிடித்தம் இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். இத்தகைய கழிவுகளைத் தரும் பழைய வரி முறையில் போவதாக ஆண்டுத் தொடக்கத்தில் சொல்லி, பி.பி.எஃப். என்ற பொதுச் சேமநல நிதி, ஆயுள் காப்பீடு இரண்டுமாக 1,50,000, என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தனியாக 50,000, மருத்துவக் காப்பீடு 25,000, வாடகைப்படி விலக்கு 1,20,000 என்று அறிவித்திருக்கிறார். ஆதாரம் இல்லாமலே சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் நிலைக்கழிவு 50,000 போக வரிக்குரிய வருமானம் 6,05,000. வரி, அதன்மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 34,840. ஆகவே மாதம் சுமார் 2,900 ரூபாய் பிடித்து வந்தார்கள். ஜனவரியில் ஆதாரம் கொடுக்காததால் நிலைக்கழிவு தவிர எல்லாவற்றையும் நிறுவனம் நீக்கியது. வரி 1,06,600 ஆனது. மீதியை இரண்டே மாதத்தில் பிடிக்க வேண்டியிருந்ததால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மாதம் சுமார் 38,800 ரூபாய் போனது. இவர் உரிய தேதிக்குள் பழைய முறையைத் தேர்ந்தெடுத்துக் கணக்குத் தாக்கல் செய்தால், 71,760 ரூபாய் திரும்பி வரும்.

மார்ச் மாதச் சம்பளம் தயாராவதற்கு முன்பே நீங்கள் விழித்துக்கொண்டால், சம்பளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் இரண்டாவது வாய்ப்புத் தருகின்றன. மறுத்தால் வாதாட வேண்டாம். கணக்குத் தாக்கலின் மூலம் எப்படியும் கிடைக்கப்போகும் பணம் அது.

கணக்கில் கேட்கும்போது

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையே இயல்பான முறை. 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, என்.பி.எஸ்.-இல் நாமே போடும் 50,000, வாடகைப்படி விலக்கு ஆகியவை புதிய முறையில் கிடையாது. எனவே இணையதளத்தில் கணக்கைத் திறந்ததும், புதிய வரி முறையிலிருந்து விலக விரும்புகிறீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறிக்க வேண்டும். பழைய முறை வேண்டும் என்று நினைத்துக்கொண்டே "இல்லை" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு, ஏனென்றால் கேள்வி விலகுவதைப் பற்றியது, தேர்ந்தெடுப்பதைப் பற்றியதல்ல. அலுவலகத்தில் புதிய முறை என்று சொல்லியிருந்தாலும், சம்பளக்காரர் கணக்கில் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்கள் இதோடு 10-ஐஇஏ என்ற படிவத்தையும் உரிய தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

ரசீதுகளைக் கணக்கோடு இணைக்க வேண்டியதில்லை. ஆனால் 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2024-25 நிதியாண்டு வருமானத்துக்கான கணக்கிலிருந்து, வெறும் தொகையை மட்டும் எழுதிவிட்டு நகர முடியாது. காப்பீட்டுப் பாலிசி எண், பி.பி.எஃப். கணக்கு எண் போன்றவற்றையும், மருத்துவக் காப்பீட்டுக்கு நிறுவனத்தின் பெயரையும் கேட்கிறார்கள். ஆகவே உட்காரும் முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்திருந்தால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் தேவைப்படும். படிவம் 16-க்கும் உங்கள் கணக்குக்கும் வித்தியாசம் இருப்பதால் துறையிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரலாம். உண்மையான ரசீது இருப்பவர் அதைக் கண்டு பதற வேண்டியதில்லை, கொடுத்த கெடுவுக்குள் பதில் அளித்தால் போதும். ரசீது இல்லாமல் தொகையை இட்டு நிரப்புவது வேறு கதை. தவறான தகவல் கொடுத்து வரியைக் குறைத்ததாக முடிவானால், குறைத்த வரியின் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. "போட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து அவரிடம் உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

தாக்கல் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் இடத்தில்தான் இன்னொரு குழி இருக்கிறது. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமாகவோ வங்கிக் கணக்கு மூலமாகவோ கணக்கைச் சரிபார்க்க வேண்டும். அல்லது ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த 30 நாள் தாண்டிச் சரிபார்த்தால், சரிபார்த்த நாளையே தாக்கல் செய்த நாளாகக் கொள்வார்கள். ஜூலை 28 அன்று கணக்கை அனுப்பி, செப்டம்பரில் சரிபார்த்தவர், சட்டத்தின் கண்ணில் செப்டம்பரில் தாக்கல் செய்தவர். அதாவது தாமதக் கணக்குக்காரர். அதனால் பழைய முறையும் 80சி-யும் கைநழுவும். ஓடிபி வருவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அதைத் தாக்கல் செய்யும் அதே உட்காரலில் முடித்துவிடுங்கள்.

மார்ச் 31 தவறியிருந்தால்

முதலீடே செய்யவில்லை என்றால், ஏப்ரலில் போடும் பணத்தை முந்தைய ஆண்டுக்குக் கணக்குக் காட்ட முடியாது. கொரோனா காலத்தில் மட்டும், 2019-20 நிதியாண்டுக்கான முதலீட்டை 2020 ஜூலை 31 வரை செய்யலாம் என்று அரசு அனுமதித்தது. அது விதிவிலக்கு. மார்ச் 31 மாலையில் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டவர்களும் தங்கள் கணக்கு அறிக்கையில் யூனிட் ஒதுக்கிய தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. அது ஏப்ரலாக இருந்தால் அடுத்த ஆண்டில் கேட்பதே பாதுகாப்பு.

ஆனால் "நான் எதுவும் முதலீடு செய்யவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒன்று செய்திருப்பார்கள், அதை முதலீடு என்று அவர்கள் நினைப்பதில்லை, அவ்வளவுதான். 80சி-யின் 1,50,000 ரூபாய் வரம்புக்குள் சம்பளத்தில் பிடிக்கும் உங்கள் பங்கு பி.எஃப். வருகிறது. இரண்டு குழந்தைகள் வரை பள்ளி, கல்லூரிக்குக் கட்டிய கல்விக் கட்டணம் வருகிறது. நன்கொடை, வளர்ச்சி நிதி என்ற பெயரில் வாங்கியது வராது. வீட்டுக் கடன் தவணையில் அசலுக்குப் போன பகுதியும், வீடு வாங்கிய ஆண்டில் கட்டிய முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் வருகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து, வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் வருகிறது. வங்கிக் கணக்கு அறிக்கையை ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு முறை வரிவரியாகப் பார்த்தாலே இவை கண்ணில் படும். சம்பளச் சீட்டில் பி.எஃப். மாதம் 6,000 என்றிருந்தால் அதுவே ஆண்டுக்கு 72,000 ஆகிறது. பள்ளிக் கட்டணம் ஒன்று சேர்ந்தால் வரம்பின் பெரும் பகுதி நிறைந்துவிடும்.

ஜூலை 31 தவறியிருந்தால்

நான்கு தேதிகளில் உயிர்நாடியானது இதுதான். பலருக்கு இன்னும் இது புரியவில்லை, ஏனென்றால் முன்பு நிலைமை வேறாக இருந்தது. 2022-23 நிதியாண்டு வரை, டிசம்பரில் தாமதக் கணக்குத் தாக்கல் செய்தாலும் கட்டணத்தைக் கட்டிவிட்டு 80சி கேட்க முடிந்தது. அந்தப் பழக்கத்திலேயே இன்றும் "டிசம்பர் வரை நேரம் இருக்கிறது" என்று இருக்கிறார்கள். இப்போது பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே உரிய தேதிக்குள் தாக்கல் செய்யும் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. தாமதக் கணக்கு புதிய முறையில்தான் போகும். ரசீதுகள் அத்தனையும் கையில் இருந்தும் பயனில்லை.

அதற்காகத் தாமதக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன அதே நபர் அக்டோபரில் தாக்கல் செய்கிறார் என்று வையுங்கள். புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 9,25,000-க்கு வரி, செஸ்ஸுடன் 44,200. பிடித்தது 1,06,600. எனவே 62,400 ரூபாய் அவருக்கு வர வேண்டும், அதில் 234எஃப் பிரிவின் தாமதக் கட்டணம் 5,000 கழியும். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்தக் கட்டணம் 1,000 தான். தேதி தவறியதால் அவர் இழந்தது 14,360 ரூபாய். தாக்கலே செய்யாமல் விட்டிருந்தால் 71,760 ரூபாயும் போயிருக்கும். வெறுப்பில் கணக்கை மூடி வைப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு இழப்பு இன்னும் குறையலாம், சிலருக்கு இல்லாமலே போகலாம். அந்த ஆண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிறது. நிலைக்கழிவோடு சேர்த்து 12,75,000 சம்பளம் வரை. அந்த எல்லைக்குள் சம்பளம் மட்டுமே வாங்குபவர் 80சி-க்காக வருந்துவதில் பொருளே இல்லை. ஆகவே தேதி போய்விட்டதே என்று கலங்குவதற்கு முன், துறையின் இணையதளத்திலேயே இருக்கும் வரிக் கணிப்பானில் இரண்டு முறைகளிலும் உங்கள் எண்களை இட்டுப் பாருங்கள். வீட்டுக் கடன் வட்டியும் பெரிய வாடகைப்படியும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் பழைய முறை இன்னும் கணிசமாக உதவுகிறது. புதிய முறையிலும் ஒன்று மிஞ்சுகிறது: என்.பி.எஸ்.-இல் நிறுவனம் உங்கள் பெயரில் போடும் பங்கு. அது படிவம் 16-இல் இருந்தால் தாமதக் கணக்கிலும் கேளுங்கள்.

தேதிக்குள் தாக்கல் செய்தும் கேட்க மறந்திருந்தால்

பழைய முறையில், உரிய தேதிக்குள் தாக்கல் செய்துவிட்டு, ஒரு பிரீமியத்தையோ பள்ளிக் கட்டணத்தையோ சேர்க்க மறந்தவர்களின் நிலை எளிது. திருத்திய கணக்கு ஒன்றை அதற்குரிய எல்லைக்குள் தாக்கல் செய்தால் போதும். ரீஃபண்ட் ஏற்கெனவே வந்திருந்தாலும் திருத்தலாம். ஆனால் முதல் கணக்கைப் புதிய முறையில் கொடுத்தவர், ஜூலை 31 தாண்டிய பிறகு திருத்திய கணக்கின் மூலம் பழைய முறைக்கு மாறிவிடலாம் என்று நம்பக் கூடாது. அந்த மாற்றத்தை உரிய தேதிக்குள்ளேயே செய்ய வேண்டும்.

அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி விட்டுப்போன கழிவைச் சேர்க்கச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். திருத்திய கணக்கு இல்லாமல் புதிய கோரிக்கையை மதிப்பீட்டு அதிகாரி ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. 154 ஆம் பிரிவின் பிழைத் திருத்தமும் இதற்கு உதவாது. நீங்கள் கேட்டிருந்தும் கணினி தவறாக நீக்கிய தொகைக்குத்தான் அது. திருத்துவதற்கான எல்லையும் கடந்துவிட்டால், 264 ஆம் பிரிவின்கீழ் ஆணையரிடம் சீராய்வு கேட்டு மனுச் செய்யலாம். கணக்கைப் பரிசீலித்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து ஓராண்டுக்குள், 500 ரூபாய் கட்டணத்தோடு. தொகை பெரிதாக இருந்தால் மட்டும் ஆடிட்டரோடு கலந்து இதில் இறங்குங்கள்.

எல்லாத் தேதியும் போன பிறகு

கணக்கே தாக்கல் செய்யாமல் தாமதக் கணக்கின் எல்லையும் கடந்தவர்களுக்கு, ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த கணக்கைப் பலர் பரிந்துரைப்பார்கள். நான்கு ஆண்டு அவகாசம் இருப்பது உண்மை. ஆனால் அது விட்டுப்போன வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்கான வழி. ரீஃபண்ட் கேட்கவோ வரியைக் குறைக்கவோ அதைப் பயன்படுத்த முடியாது.

ரீஃபண்டுக்கு மிஞ்சியிருப்பது 119(2)(பி) பிரிவின்கீழ் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் விண்ணப்பம். 2024 அக்டோபர் 1 அன்று நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 11/2024 சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை ஆணையர் நிலையிலேயே முடிவு செய்வார்கள். 2022-23 நிதியாண்டுக்கு இந்த எல்லை 2029 மார்ச் 31. அந்த ஆண்டில் பழைய முறையே இயல்பாக இருந்ததால், அனுமதி கிடைத்தால் 80சி-யையும் சேர்த்தே கேட்கலாம். 2023-24-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு, புதிய முறையில் கணக்கிட்டு எவ்வளவு ரீஃபண்ட் வரும் என்று பார்த்து, அந்தத் தொகை உழைப்புக்குத் தகுமா என்று முடிவெடுங்கள்.

விண்ணப்பம் வெற்றி பெறுவது, தாமதத்துக்கான காரணத்தை நீங்கள் எப்படி நிறுவுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. உண்மையான இடர்ப்பாடு இருந்ததா என்பதையே அதிகாரி பார்ப்பார். "வேலைப்பளுவினால் மறந்துவிட்டேன்" என்ற ஒரு வரி அவரை அசைக்காது. ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 10 வரை மருத்துவமனையில் இருந்ததைக் காட்டும் டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்பத்தில் ஒருவரின் இறப்புச் சான்று, நிறுவனம் படிவம் 16-ஐத் தாமதமாகக் கொடுத்ததைக் காட்டும் மின்னஞ்சல் போன்றவை பேசும். எந்தத் தேதியில் என்ன நடந்தது, இடர் நீங்கிய பிறகு எத்தனை நாளில் விண்ணப்பித்தீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். அதோடு வருமானக் கணக்கீடு, உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கை, முதலீட்டு ரசீதுகள் ஆகியவற்றை இணைத்து, இணையதளத்தின் சேவைகள் பகுதியில் உள்ள தாமத மன்னிப்புக் கோரிக்கை வழியாக அனுப்பலாம். ஆறு மாதங்களுக்குள் முடிவு செய்ய முயல வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. அனுமதி ஆணை கிடைத்ததும், அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு அந்த ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆணை வந்தாலே பணம் வந்துவிடும் என்று எண்ணி இந்தக் கடைசிப் படியை விட்டுவிட வேண்டாம். இப்படிக் கிடைக்கும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.